கடலைப் பார்த்துக் கட்டிய குழாய்

குழாய் இரண்டையும் நான் தப்பான பக்கம் கட்டிவிட்டேன் என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள்.

சாயங்கால நேரம். வெயில் இறங்கியிருந்தது, மணலில் சூடு இறங்கவில்லை. கரையில் இழுத்துப் போட்டிருந்த பழைய வள்ளம் ஒன்றில் ஏறி நின்று, அதன் பாய்மரத்தில் மைக்செட் குழாய்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆட்கள் உட்கார்ந்திருந்தது ஊர்ப் பக்கம். குழாயின் வாய் இருந்தது கடல் பக்கம்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார். "ஏலே மைக்செட்டு, கச்சேரி மீனுக்கா?"

கீழே கித்தாரோடு நின்ற கஸ்பாரைப் பார்த்தேன். "அப்படியே இருக்கட்டும்லே, திருப்பாத" என்றான். குரலில் சிரிப்பு இல்லை. அப்படிக் கட்டச் சொன்னவனே அவன்தான். கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

அந்தப் பாட்டைப் பற்றி இந்தத் தொடரில் எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. உப்பளத்தில் கால் வெடித்த கதையைப் போன வாரம் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கல்லூரிக் காலத்தில் தூத்துக்குடியில் ஒரு ராக் பாட்டு பிரபலம். நடுநடுவே திடீரென்று நின்றுபோகும். அதற்கு டிரம் அடித்தவர் நீங்கள்தானா? அது எந்த வெளிநாட்டுப் பாட்டின் காப்பி?"

அடித்தவன் நான்தான். காப்பி இல்லை. ஏன் நின்று நின்று போனது என்பதைச் சொல்ல, கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

ஆற்றங்கரைக்காரன்

நான் ஏரல்காரன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, வாழைத்தார் ஏற்றிய லாரியில் தார்களுக்கு மேல் படுத்துத் தூத்துக்குடி வந்தவன். முதலில் வெங்காயக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினேன். இரவில் அங்கேயே படுக்கை. இரண்டு வருடம் என் வியர்வையே வெங்காயமாக நாறியது. பிறகு மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளம். கால் வெடித்ததும் அதை விட்டேன். கடைசியில் மைக்செட் கடை அண்ணாச்சி ஒருவரிடம் ஒண்டினேன். கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் என்று எங்கே குழாய் கட்டினாலும் அங்கே எனக்குச் சோறு கிடைத்தது. வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஆறு தெரிந்த எனக்குக் கடல் தெரியாது. ஆற்றில் ஒருவனைக் காணோம் என்றால் கரையோரமாகவே நடந்து தேடலாம். எப்படியும் இரண்டு கரைக்குள்தான் இருப்பான். கடலில் காணாமல் போனவனை எங்கே நின்று தேடுவது என்று அந்த ஊருக்கு வரும்வரை நான் யோசித்ததில்லை.

கொழும்புக் கித்தார்

கஸ்பாரின் அண்ணன் பெயர் சூசை. தோணியில் வேலை. தோணி என்றால் ஆற்றுத் தோணி இல்லை, பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்குக் கொண்டுபோகும் பெரிய மரக்கலம். வெங்காயமும் மிளகாயும் ஏற்றிப் போவார்கள். திரும்பும்போது ஆளாளுக்கு வீட்டுக்கு ஏதாவது கொண்டுவருவார்கள். சோப்பு, சேலைத் துணி, தேங்காய் துருவும் சாமான். சூசை ஒரு தடவை கைலியில் சுற்றி ஒரு மின்சாரக் கித்தாரைக் கொண்டுவந்தான். கூடவே நாலைந்து ஒலிநாடாக்கள்.

"நீ கடலுக்கு வரக்கூடாது. இதைக் கத்துக்க" என்று தம்பியிடம் கொடுத்தானாம். அவர்கள் அப்பா சங்கு குளிக்கப் போய் நுரையீரல் கெட்டுச் செத்தவர். ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும் என்று சூசை நினைத்திருக்கலாம்.

அந்த நாடாக்களில் இருந்தது, மரம் அறுப்பது போன்ற கித்தாரும் தொண்டை கிழியக் கத்துகிறவர்களும். முதல் தடவை கேட்டபோது நாடா சிக்கிக்கொண்டதோ என்று நான் கருவியைத் திறந்து பார்த்தேன். கஸ்பார் சிரித்தான். "பாட்டே அப்படித்தாம்லே."

எதற்காக இவ்வளவு கோபமாகப் பாடுகிறார்கள் என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தான். கொஞ்ச நாளில் நானும் கேட்க ஆரம்பித்தேன். கிட்டங்கியில் மூட்டை முதுகில் விழும்போது உடம்புக்குள் ஒரு சத்தம் வருமே, அதை யாரோ வெளியே எடுத்துக் காட்டியது மாதிரி இருந்தது. இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது.

மூன்று பேராகச் சேர்ந்தோம். கித்தார் கஸ்பார். இன்னொரு பழைய கித்தாரில் தடித்த கம்பி மட்டும் மாட்டி அடித்தவன் லாசர், ஐஸ் கம்பெனியில் வேலை. வேதக் கோயில் பேண்டு செட்டில் கழித்துப் போட்ட பெரிய டிரம்மும் என் கையும் மூன்றாவது. லாசர்தான் பெயர் வைத்தான்: நங்கூரம்ஸ்.

"என்னலே நங்கூரம்ஸ்?"

"ஒண்ணுக்கு மேல இருந்தா ஸ் போடணும்லா. நாம மூணு பேரு."

அதற்கு மேல் அவனிடம் பேச முடியாது. டிரம்மின் தோலில் சிவப்புப் பெயின்டால் எழுதினான். இடம் போதாமல் ஸ் மட்டும் பக்கவாட்டு மரத்தில் போய் உட்கார்ந்தது.

தகரம்

அந்த வருடம் சூசை போன தோணி திரும்பவில்லை.

அதற்குப் பின்னால் கொழும்பை விட்டுக் கிளம்பிய தோணிகள் வந்து சேர்ந்தன. ஒருவர் மன்னார்ப் பக்கம் பாயைக் கண்டேன் என்றார். ஒருவர் மாலத்தீவில் ஒதுங்கியிருக்கும் என்றார். பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றும் ஒரு பேச்சு. யாரைக் கேட்டாலும் ஒரு பதில் இருந்தது, ஒரு பதிலும் அடுத்ததோடு ஒட்டவில்லை. மாதங்கள் போயின. தோணியை ஓட்டிப் போன தண்டல் வீட்டில் முதலில் ஆசையை விட்டார்கள். செத்தவர்களுக்கு வைக்கும் பூசையைக் கோயிலில் வைத்தார்கள். மற்ற வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தன. சூசை வீட்டில் மட்டும் வைக்கவில்லை.

அவன் அம்மா ரெஜீனம்மாள் சம்மதிக்கவில்லை. பங்குச் சாமியாரே வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தார். "பூசை வச்சா அவன் செத்தான்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும் சாமி" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அவளுக்கு ஒரு தகர டின் இருந்தது. சீமெண்ணெய் வந்த டின். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மீனுக்குப் போன வள்ளம் இருட்டப்போகும் நேரத்திலும் வரவில்லை என்றால், வீட்டு ஆட்கள் தண்ணீர் ஓரத்தில் நின்று தகரத்தை மூன்று தட்டுத் தட்டுவார்கள். ஒரு குரல் கொடுப்பார்கள். பிறகு சத்தமே இல்லாமல் நின்று கேட்பார்கள். பக்கத்தில் எங்காவது திசை தெரியாமல் நிற்கும் வள்ளத்துக்காரன் பலகையில் தட்டிப் பதில் கொடுப்பான். தட்டிக்கொண்டே இருந்தால் பதில் காதில் விழாது. அதனால் தட்டுவது கொஞ்சம், கேட்பதுதான் அதிகம்.

இது அரைநாள் தாமதமான வள்ளத்துக்கு உள்ள வழக்கம். மாதக்கணக்கில் காணாத தோணிக்கு இல்லை. கொழும்புக் கடலில் போனவனுக்குக் கரையில் தட்டும் தகரம் கேட்குமா? கேட்காது என்று அந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரெஜீனம்மாளுக்குத் தெரியாதா? ஆனாலும் தினமும் வெயில் இறங்கியதும் தகரத்தோடு போய் நின்றாள். மூன்று தட்டு. "எங்கன நிக்கலே?" எங்கே நிற்கிறாய் என்று மகனைக் கேட்கும் ஒரு குரல். பிறகு சும்மா நிற்பாள்.

முதலில் கரையில் பாவம் என்றார்கள். பிறகு சிரித்தார்கள். ஐஸ் கம்பெனிப் பையன்கள் அவள் தட்டும்போது பெட்டியில் தட்டிப் பதில் கொடுத்து விளையாடினார்கள். ஒரு நாள் அவள் அந்தப் பதிலை நம்பி இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். லாசர்தான் ஓடிப்போய்ப் பிடித்துக் கொண்டுவந்தான். மறுநாள் பெட்டி தட்டியவனின் பல் ஒன்று குறைந்திருந்தது. லாசர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"பேண்டுன்னு சொல்லுவான்"

கஸ்பார் என்னைத் தேடிக் கடைக்கு வந்தது அதற்கு அடுத்த நாள்.

"ரெண்டு குழாய், ஆம்பிளிபயர், பேட்டரி. சாயங்காலம் கரைக்குக் கொண்டா."

"எதுக்கு? கல்யாணமா?"

"அம்மாவைப் பைத்தியம்ங்கானுவ. ஒரு பொம்பளை ஒத்தையில நின்னு தட்டுனா பைத்தியம். நாம மூணு பேரு நின்னு தட்டுனா பேண்டுன்னு சொல்லுவான்."

அண்ணாச்சியிடம் ரிப்பேர் பார்க்கிறேன் என்று சொல்லி எடுத்துப் போனேன். அன்றைக்குத்தான் நான் குழாயைக் கடலைப் பார்த்துக் கட்டியது.

ரெஜீனம்மாள் வழக்கம்போல் வந்தாள். எங்களைப் பார்த்தாள். கம்பிகளைப் பார்த்தாள். கஸ்பார் அவளிடம் ஏதோ சொன்னான். அவள் நேராக என்னிடம் வந்து தகரத்தை டிரம்மின் மேல் வைத்தாள்.

"ஏரலான், உனக்கு அடிக்கத் தெரியுமாலே?"

"தெரியும்மா."

"நிப்பாட்டத் தெரியுமா?"

நான் தலையாட்டினேன். கேள்வி புரியாமல்தான் ஆட்டினேன்.

மூன்று தட்டினேன். கஸ்பார் கித்தாரை இழுத்தான். ஆம்பிளிபயர் பழசு, சத்தத்தைக் கூட்டினால் தகடு கிழிவதுபோல் கரகரக்கும். அந்தக் கரகரப்பு கடல் மேல் போனது. "எங்கன நிக்க?" என்று அவன் கத்தினான். எனக்குக் கை துறுதுறுத்தது, அடுத்த தட்டுக்குக் குச்சியைத் தூக்கினேன். ரெஜீனம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சும்மா இரி. கேக்கணும்."

நின்றோம். அலைச் சத்தம். தூரத்தில் துறைமுகத்தில் ஏதோ இரும்பு உருளும் சத்தம். அவள் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவள்தான் முடிவு செய்தாள். போதும் என்று அவளுக்குத் தோன்றியதும் மணிக்கட்டை விட்டாள். மறுபடி மூன்று தட்டு.

வாசகர் கேட்ட பாட்டு அதுதான். அதில் வேறு வரி இல்லை. முடிவும் இல்லை. பேட்டரி தீரும்போது முடியும்.

ஆளுக்கு ஓர் அர்த்தம்

கஸ்பார் சொன்னது பலித்தது. மறுவாரமே கரையில் பையன்கள் கூடினார்கள். பைத்தியம் என்ற பேச்சு நின்றது. ரெஜீனம்மாளைப் "பேண்டுக்காரன் அம்மா" என்றார்கள். அவள் எங்களுக்குப் பக்கத்தில் நின்று கடலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. நாங்கள் வேண்டியதும் அதுதான்.

பிறகு நாங்கள் வேண்டாததும் நடந்தது. பாட்டு பிடித்துப்போய்விட்டது.

கல்லூரி மாணவர்கள் வந்து எங்களை ஆண்டு விழாவுக்கு அழைத்தார்கள். புதுக்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் கேட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு மாணவர் அந்தக் கரகரப்புக்கு என்ன வெளிநாட்டுக் கருவி என்று விசாரித்தார். "அது ஆம்பிளிபயர் சாகப்போவுது" என்றேன். அவர் நான் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"எங்கன நிக்க" யாரைக் கேட்பது என்றும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். காதலியை என்றார்கள். கடவுளை என்றார்கள். துறைமுகச் சங்கத்துத் தோழர் ஒருவர், ஓட்டு வாங்கிப் போனவர்களைத்தானே கேட்கிறீர்கள் என்று என் கையைக் குலுக்கினார். நான் ஆமாம் என்றேன். எல்லோரிடமும் ஆமாம் என்றேன். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாள் மறுபடி பைத்தியமாகிவிடுவாள்.

ஆனால் எனக்குள் ஒரே குழப்பம். துக்கத்துக்காக உண்டாக்கியதை வைத்துக்கொண்டு ஆட்கள் துள்ளிக் குதிக்கிறார்கள். நானும் சந்தோஷமாகத்தான் அடிக்கிறேன். கை தட்டுகிறார்கள், பிரியாணி போடுகிறார்கள். அடிக்கிறபோது சூசை ஞாபகமே வருவதில்லை. இடைவெளியில் நிற்கும்போதுதான் வரும். அப்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

அந்த இடைவெளியைத்தான் பையன்கள் முதலில் பிடித்தார்கள். பாட்டு நின்றதும் சும்மா இருக்க அவர்களால் முடியவில்லை. கல்லூரி விழாவில் பின் வரிசையிலிருந்து ஒருவன் "இங்கன நிக்கேன்!" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. அடுத்த இடைவெளியில் பத்துப் பேர் கத்தினார்கள். அதற்குப் பிறகு எங்கே போனாலும் கேள்வி எங்களுடையது, பதில் கூட்டத்தினுடையது.

லாசருக்கு அது பிடித்திருந்தது. கஸ்பாருக்கு இல்லை. "அம்மா இருக்க இடத்துல மட்டும் இது நடக்கக் கூடாதுலே" என்றான்.

திருவிழா மேடை

நடந்தது. கோயில் திருவிழாவில், கரையிலேயே மேடை போட்டு.

வேறு பாட்டு வாசிக்கலாம் என்றுதான் கஸ்பார் சொன்னான். நாலு பாட்டு வாசித்தோம். கூட்டம் விடவில்லை. "எங்கன! எங்கன!" என்று மணலில் காலால் உதைத்தார்கள். ரெஜீனம்மாள் முன்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவளும் கையை அசைத்தாள், வாசியுங்கள் என்பதுபோல். அவள் எங்களோடு வேறு எங்கும் வந்ததில்லை. இப்போது கூட்டம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது.

கஸ்பார் என்னைப் பார்த்தான். நான் லாசரைப் பார்த்தேன். லாசர் மேலே கட்டியிருந்த குழாய்களைப் பார்த்தான். அன்றைக்கு அவை ஊரைப் பார்த்து இருந்தன. தகரம் வழக்கம்போல் டிரம்மின் மேல் இருந்தது.

மூன்று தட்டினேன். கித்தார். "எங்கன நிக்க?"

நிறுத்தினேன்.

"இங்கன நிக்கேன்!"

ஒரு கரையே சேர்ந்து கத்தினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேடைப் பலகை என் காலுக்குக் கீழே அதிர்ந்தது. பெரியவர்கள், பிள்ளைகள், பனங்கற்கண்டு விற்கிறவர் எல்லோரும் சிரித்துக்கொண்டே கத்தினார்கள்.

ரெஜீனம்மாள் எழுந்து நின்றாள். கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். எப்போதும்போல் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தாள்.

கஸ்பார் வாசிப்பதை விட்டுவிட்டுக் கீழே குதிக்கப் போனான். அவள் திரும்பாமலே கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். "தட்டுலே ஏரலான்."

தட்டினேன். இந்தத் தடவை கித்தார் இல்லை, வெறும் தகரம்தான். கஸ்பார் மேடை விளிம்பிலேயே நின்றான். கேள்வியை அவளே கேட்டாள், மைக் இல்லாமல். முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். அதுவே போதுமாக இருந்தது, கூட்டத்துக்கு முறை தெரியும். "இங்கன நிக்கேன்!" முந்தியதைவிடப் பெரிதாக.

அவள் கேட்டாள். ஒவ்வொரு குரலாகப் பிரித்து எடுப்பதுபோல், கடைசிப் பையன் ஓயும்வரை கேட்டாள். பிறகு மேடைக்கு வந்தாள்.

"முடிச்சிருலே கஸ்பாரு."

"இதுக்கு முடிவு இல்லம்மா."

அவள் என் முன்னாலிருந்த தகரத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள், தண்ணீர்க் குடம் எடுப்பதுபோல். வழிவிட்ட கூட்டத்துக்குள் நடந்து வீட்டுக்குப் போனாள். நான் குச்சிகளோடு உட்கார்ந்திருந்தேன். டிரம் இருந்தது, அந்த மூன்று தட்டுக்குத் தகரம் இல்லை. கூட்டம் அதையும் பாட்டின் பகுதி என்று நினைத்துக் கைதட்டியது.

மறுநாள் காலையில் அவளே சாமியாரிடம் போய்ப் பூசைக்குச் சொன்னாள்.

அம்மி

பூசைக்குப் பிறகு நங்கூரம்ஸ் தானாகவே கரைந்தது. அண்ணன் வேண்டாம் என்று சொன்ன கடலுக்கே கஸ்பார் போனான், வெளிநாட்டுக் கப்பலில் சமையல் வேலைக்கு. லாசர் ஐஸ் கம்பெனியிலேயே இருந்தான். எங்கள் பாட்டை வேறு பையன்கள் வாசித்தார்கள். வாசகர் கேட்டது ஒருவேளை அவர்களுடையதாகவும் இருக்கலாம்.

எனக்கும் ஊர் சலித்தது. பம்பாய்க்குக் கிளம்புமுன் ரெஜீனம்மாளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டாள். சாப்பிடும்போது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். திருவிழாவில் அப்படிக் கத்தியது அவளுக்கு வருத்தமாக இருந்ததா, எங்கள் மேல் கோபமா?

"என்னத்துக்குக் கோபம்? அவன் இருக்க மாட்டான்னு எனக்கும் தெரியாமலா?" என்றாள். "கடல் சும்மாதான் கெடந்துச்சு. சும்மா கெடந்தா, அவன் பதில் சொல்லி நமக்குத்தான் கேக்கலையோன்னு இருக்கும். அன்னைக்கு ஊரே பதில் சொல்லிச்சுல்லா. அவ்வளவு குரல்ல அவன் குரல் இல்லலே."

நாங்கள் அவளுக்கு நல்லது செய்தோமா, இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டோமா? அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

அவள் உள்ளே மசாலா அரைக்கப் போனாள். நான் கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தேன். மூலையில் அந்தத் தகரம் இருந்தது. மேலே பலகை போட்டு, உள்ளே கருவாடு. பழகிய கை. யோசிக்காமல் பலகையை நகர்த்திவிட்டு விளிம்பில் தட்டினேன், மூன்று தடவை.

அடுக்களையில் அம்மிச் சத்தம் நின்றது.

நான் அசையவில்லை. தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். கடல் அந்த வீட்டிலிருந்து லேசாகக் கேட்கும்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மி மறுபடியும் அரைக்க ஆரம்பித்தது.